கொசுவும் புழுவும் இல்லாத யானைக்கால்: எத்தியோப்பியாவில் பல்கலைக்கழக ஆய்வுக்குழுக்கள் களத்தில் என்னதான் செய்கின்றன?

தாமரைக்குளம் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். யானைக்கால் என்றதும் கியூலெக்ஸ் கொசு, ஃபைலேரியா புழு, டி.இ.சி. மாத்திரை என்றுதான் நாம் படித்திருக்கிறோம். நர்சிங் மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு பாடக்குறிப்பு தயாராகிறது. அதில் போடோகோனியோசிஸ் பற்றி ஒரு பகுதி வேண்டும். எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் செருப்பில்லாமல் செம்மண்ணில் நடப்பவர்களுக்கு வரும் யானைக்கால் என்பது வரை தெரியும். அதற்கு மேல் மூன்று சந்தேகங்கள்.

ஃபைலேரியா இல்லை என்று களத்தில் எப்படி உறுதி செய்கிறார்கள்? இரவில் ரத்தம் எடுக்கிறார்களா? அடுத்து, சிகிச்சை "காலைக் கழுவுவது" என்று எல்லா இடத்திலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எவ்வளவு தண்ணீர், எதில் ஊற வைப்பது, எப்படிக் கட்டுவது என்று செய்முறை வேண்டும். கடைசியாக, காலைக் கழுவச் சொல்ல ஒரு பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவு எதற்கு? சோப்பும் செருப்பும் வாங்கிக் கொடுத்தால் போதாதா? இந்தக் கேள்வியை மாணவர்கள் நிச்சயம் கேட்பார்கள்.

---

செம்மண்

முதல் கேள்விக்கு மட்டும் நான்.

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. கிரேக்கத்தில் போடோஸ் என்றால் பாதம், கோனியா என்றால் தூசி. 1970களில் எத்தியோப்பியாவில் வேலை செய்த எர்னஸ்ட் பிரைஸ் என்ற அறுவை மருத்துவர் இந்த நோயையும் எரிமலைப் பாறை மட்கி உண்டான செம்மண்ணையும் வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். பொருந்தியது. கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கு மேல், ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டருக்கு மேல், வழுவழுப்பான களிமண் என்ற மூன்றும் சேர்ந்த இடம்தான் இந்த நோயின் நிலம். மண்ணிலுள்ள நுண்ணிய கனிமத் துகள்கள் உள்ளங்கால் தோல் வழியே உள்ளே போய், நிணநீர்க் குழாய்களில் அழற்சியை உண்டாக்கி, நாளடைவில் அடைத்துவிடுகின்றன. எந்தக் கனிமம் முக்கியக் குற்றவாளி என்பதில் இன்னும் முடிவான தீர்ப்பு இல்லை.

இப்போது பரிசோதனை. இரவு ரத்தம் வேண்டாம். ஃபைலேரியா ஆன்டிஜனை, அதாவது புழுவிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொருளை, காட்டும் அட்டை அல்லது பட்டைச் சோதனை பகலிலும் வேலை செய்யும், விரல் நுனியில் குத்தினால் போதும். பழைய ஐ.சி.டி. அட்டைக்கு 100 மைக்ரோலிட்டர் ரத்தம், இப்போதைய எஃப்.டி.எஸ். பட்டைக்கு 75 மைக்ரோலிட்டர். இரண்டையும் சரியாக 10 நிமிடத்தில் படிக்க வேண்டும். வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது அட்டையை மேஜையில் வைத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுவார்கள். அரை மணி கழித்துப் பார்த்தால் மெல்லிய கோடு ஒன்று தெரியும். அது போலி. அட்டையின் மேலேயே நேரத்தைப் பென்சிலால் எழுதி வைப்பதுதான் இதற்கு ஒரே வழி.

ஆனால் மாணவர்கள் தவறவிடக் கூடாத இடம் வேறு: அட்டை எதிர்மறை என்றால் ஃபைலேரியா இல்லை என்று அர்த்தம் இல்லை. கால் வீங்கிப் பல வருடம் ஆனவருக்குப் புழு எப்போதோ செத்திருக்கும், ஆன்டிஜனும் மறைந்திருக்கும். அதனால் அட்டையோடு காலையும் ஊரையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

போடோகோனியோசிஸ் பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். பெரும்பாலும் இரண்டு காலிலும் இருக்கும், ஆனால் சமமாக இருக்காது. முழங்காலைத் தாண்டுவது அபூர்வம். வீக்கத்துக்கு முன்பே புறங்காலில் அரிப்பு, இரவில் எரிச்சல், முன்பாதம் அகன்று போவது, விரல்கள் கட்டை போல் விறைப்பது, தோல் பாசி படர்ந்தது போல் ஆவது எல்லாம் தெரியும். ஃபைலேரியாவில் வீக்கம் காலின் எந்தப் பகுதியிலும் தொடங்கலாம். அதே ஊர் ஆண்களுக்கு விரைவீக்கம் இருக்கிறதா என்று விசாரித்தால் பாதி விடை கிடைத்துவிடும், ஏனெனில் போடோகோனியோசிஸில் விரைவீக்கம் வராது. தொழுநோயை விலக்கப் பாதத்தில் தொடு உணர்வு பார்ப்பது கட்டாயம். பிறந்ததிலிருந்தே வீக்கமா என்று கேட்பதும் அப்படியே.

2013இல் எத்தியோப்பியா முழுவதும் இரண்டு நோய்களையும் ஒரே பயணத்தில் வரைபடமாக்கினார்கள்: 659 மாவட்டங்கள், 1,315 ஊர்கள், 1,29,959 பேர். பார்த்த 15 வயதுக்கு மேற்பட்டோரில் 4 சதவீதம் பேருக்குப் போடோகோனியோசிஸ். இந்த வரைபடம் இல்லாவிட்டால் நடப்பது என்ன? யானைக்கால் தெரிந்த மாவட்டம் எல்லாவற்றிலும் ஐவர்மெக்டினும் அல்பெண்டசோலும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். புழுவே இல்லாத காலுக்கு அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது.

---

கட்டுத்துணி

செய்முறை கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கெடுவது எல்லாம் சின்ன விஷயங்களில்தான்.

முதலில் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஐந்து நிலை. ஒன்றில் வீக்கம் இரவு படுத்து எழுந்தால் வடிந்துவிடும். இரண்டில் முழுதாக வடியாது, முடிச்சுகள் இருந்தாலும் கணுக்காலுக்குக் கீழே மட்டும். மூன்றில் முடிச்சுகள் கணுக்காலுக்கு மேலும் ஏறியிருக்கும். நான்கில் வீக்கம் முழங்காலைத் தாண்டும். ஐந்தில் மூட்டே அசையாமல் இறுகிவிடும். கூடவே முழங்காலுக்குக் கீழ் அதிகப் பருமனான இடத்தில் டேப் வைத்துச் சுற்றளவு எடுக்க வேண்டும். முதல் அளவைக் காலையிலும் அடுத்ததை மாலையிலும் எடுத்தால் சிகிச்சையால் வீக்கம் கூடிவிட்டது என்று பதிவேடு பொய் சொல்லும். எப்போதும் ஒரே நேரம்.

இனி தினசரி வேலை. முதலில் சோப்பும் வெறும் தண்ணீரும் கொண்டு மண் போகக் கழுவுவது. மடிப்புகளுக்குள்ளும் விரல் இடுக்கிலும் மெல்லிய துணியை நுழைத்துத் துடைக்க வேண்டும், பிரஷ் கூடாது. பிறகு கிருமிநாசினி கலந்த தண்ணீரில் பாதத்தை ஊற வைப்பது, 15 முதல் 20 நிமிடம். பெரும்பாலும் வீட்டு ப்ளீச்தான். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, ஒற்றி எடுத்து உலர்த்துவது. தேய்க்கக் கூடாது, தோல் காகிதம் போல் இருக்கும். விரல் இடுக்கு ஈரமாக இருந்தால் நம் ஊர் சேற்றுப்புண் அங்கே கட்டாயம் வரும், அந்த வெடிப்பு வழியாகத்தான் பாக்டீரியா உள்ளே போகிறது. இடுக்கில் பூஞ்சை இருந்தால் விட்ஃபீல்ட் களிம்பு, மற்ற தோலுக்கு வாசலின். வாசலினை விரல் இடுக்கில் பூசுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஈரத்தைப் பூட்டி வைப்பது போல் ஆகிவிடும்.

கட்டு: கடையில் கிடைக்கும் நன்றாக இழுபடும் கிரேப் பேண்டேஜ் வேண்டாம், குறைவாக இழுபடும் வகை வேண்டும். அதிகம் இழுபடுவது ஓய்விலும் இறுக்கிக்கொண்டே இருக்கும், நடக்கும்போது தளர்ந்து கொடுத்துவிடும். நமக்கு வேண்டியது நேர் எதிர்: நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒரு சுவர் மேல் மோதுவது போல் மோதி, நிணநீரை மேலே தள்ள வேண்டும். பாதத்தைச் செங்கோணமாக மடக்கி வைத்துக்கொண்டு, விரல்களின் அடியிலிருந்து தொடங்கி, குதிகாலை விடாமல் மூடி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மறைக்கும்படி முழங்காலுக்குக் கீழ் வரை. இறுக்கம் கணுக்காலில் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. தலைகீழாகிவிட்டால் பாதம் பந்து போல் உப்பும். ஆழமான மடிப்புகளைப் பஞ்சோ நுரைத்துண்டோ வைத்துச் சமன் செய்யாமல் கட்டினால் துணி கயிறாகத் திரண்டு மடிப்புக்குள் இறங்கிவிடும். கட்டி முடித்ததும் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டுப் பாருங்கள். நிறம் உடனே திரும்ப வேண்டும். மரத்துப்போனாலோ வலி கூடினாலோ அவிழ்த்துவிட வேண்டும் என்று நோயாளிக்குத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். ரத்தநாள அடைப்பு இருக்கும் காலுக்குக் கட்டே கூடாது. இரண்டு செட் துணி கொடுங்கள், ஒன்று துவைத்துக் காயும்போது மற்றொன்று காலில் இருக்கும். முறுக்கிப் பிழிந்தால் துணியின் இழுவை போய்விடும், பரப்பி நிழலில் காயப் போட வேண்டும்.

உட்காரும்போது காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைப்பது, கட்டில் கால்மாட்டில் செங்கல் வைப்பது, கணுக்காலைச் சுழற்றுவது ஆகியவையும் தினசரிக் கணக்கில் சேரும்.

நெறி கட்டிக் காய்ச்சல் வந்து கால் சிவந்து கொதிக்கும் நாட்களில் மட்டும் எல்லாம் மாறும். கட்டு வேண்டாம், பயிற்சி வேண்டாம். படுத்து, காலை உயர்த்தி, ஈரத்துணி போட்டு, பாராசிட்டமால். கடுமையாக இருந்தால் ஆன்டிபயாட்டிக். கழுவுவதை மட்டும் மென்மையாகத் தொடரலாம்.

செருப்புக்குள் நுழைய விடாத முடிச்சுகளை அறுத்து எடுப்பது நல்ல, சின்ன அறுவை. வீங்கிய திசுவை மொத்தமாகச் சீவி எடுக்கும் பெரிய அறுவையைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. தழும்பு வரும், மறுபடி மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் வீக்கமும் வரும்.

---

எட்டுக்கால்

மூன்றாவது கேள்வியில் நான் தாமரைக்குளம் கட்சி. மரபணுவில் இருக்கிறது என்று ஒரு பக்கம் ஆய்வு செய்கிறார்கள், மறுபக்கம் செருப்புப் போடு என்கிறார்கள். பரம்பரை நோய் என்றால் செருப்பு என்ன செய்யும்? பரம்பரை இல்லை என்றால் அத்தனை பணத்தையும் செருப்பாகவே கொடுத்திருக்கலாமே.

---

செம்மண்

@எட்டுக்கால் இந்தக் குழப்பம் அந்த ஊர்களிலேயே உண்டு, அதனால் வந்த சேதமும் உண்டு.

ஒரே மண்ணில் எல்லாரும் வெறுங்காலோடு நடந்தாலும் சிலருக்குத்தான் கால் வீங்குகிறது. யாருக்கு என்பதில் மரபுக்குப் பங்கு இருக்கிறது: நோயாளியின் உடன்பிறந்தவருக்கு ஆபத்து ஏறத்தாழ 5 மடங்கு. 2012இல் தெற்கு எத்தியோப்பியாவில் 194 நோயாளிகளையும் 203 நோயற்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு உடலின் நோய் எதிர்ப்போடு தொடர்புள்ள எச்.எல்.ஏ. இரண்டாம் வகுப்பு மரபணுப் பகுதியைச் சுட்டிக்காட்டியது. அதாவது துகள் உள்ளே போனபின் உடல் எவ்வளவு மூர்க்கமாக எதிர்க்கிறது என்பதில் வித்தியாசம். ஆனால் துகள் உள்ளே போகாவிட்டால் எந்த மரபணுவும் காலை வீங்க வைக்காது. நிலக்கடலை ஒவ்வாமை குடும்பத்தில் ஓடலாம், கடலை தின்னாதவருக்கு அது வெளிப்படாது. அப்படி.

"குடும்பத்தில் ஓடும் நோய்" என்ற நம்பிக்கையால் அங்கே என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்க மாட்டார்கள். செருப்பு போட்டும் பயனில்லை என்று குழந்தைகளை வெறுங்காலோடு விட்டுவிடுவார்கள். இந்த நிலையில் ஆய்வாளர் வந்து வீடு வீடாக நோயாளிகளின் உறவினர்களைத் தேடி மாதிரி எடுத்தால், பக்கத்து வீட்டுக்காரர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்? அதனால்தான் தெற்கு எத்தியோப்பியாவின் வோலாய்டாவில் மரபணு ஆய்வைத் தொடங்குமுன் அந்த மக்களிடம் போய், யாரிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும், எந்தச் சொல் புண்படுத்தும், எதைக் கண்டு பயப்படுவார்கள் என்று விசாரித்தார்கள். இந்தக் குறுகிய கால அறநெறி விசாரிப்பு இப்போது தனி முறையாகவே வளர்ந்திருக்கிறது. ஒப்புதல் படிவத்தை மொழிபெயர்த்துக் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்தியிருந்தால் நோய் பற்றிய அறிவு கூடியிருக்கும், கூடவே அவமானமும் கூடியிருக்கும்.

---

அளவுகோல்

"சோப்பு வாங்கிக் கொடுத்தால் போதாதா" என்பதற்குப் பதில்: போதும் என்று நிரூபிக்காதவரை எந்த நாட்டுச் சுகாதாரத் துறையும் தன் பட்ஜெட்டில் சோப்புக்குப் பணம் ஒதுக்காது. நிரூபித்ததுதான் பல்கலைக்கழகங்களின் வேலை.

கோல்பெட் என்ற ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கு எத்தியோப்பியாவில் 696 நோயாளிகள், குலுக்கல் முறையில் இரண்டு குழு. ஒரு குழுவுக்கு உடனே பாத சுகாதாரம், தோல் களிம்பு, கட்டு, காலுறை, காலணி. மற்ற குழுவுக்கு அதே தொகுப்பு 12 மாதம் கழித்து. ஒப்பீட்டுக் குழுவை வெறுங்கையோடு அனுப்பாமல் தாமதமாகவாவது கொடுத்தது இங்கே கவனிக்க வேண்டியது. 2018இல் வெளியான முடிவு: நெறி கட்டிக் காய்ச்சல் ஒப்பீட்டுக் குழுவில் ஆளுக்கு ஆண்டுக்கு 23.9 முறை, சிகிச்சைக் குழுவில் 19.4 முறை. ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

"அவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். ஆண்டுக்கு நாலரைத் தாக்குதல் குறைகிறது, ஒவ்வொன்றும் பல நாள் படுக்கை. உழவு வேலை செய்பவருக்கு அது பெரிய தொகை. ஆய்வின் பலவீனமும் உண்டு. காலில் கட்டு இருக்கிறதா இல்லையா என்பதை மறைக்க முடியாது, ஆகவே தாக்குதலைச் சொல்பவருக்கே தான் எந்தக் குழு என்று தெரியும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது தண்ணீர் பற்றிய ஆய்வு. பழைய முறையில் ஒரு முறை ஊற வைக்க 6 லிட்டர் தண்ணீர். மேட்டுநிலக் கிராமத்தில் அந்த 6 லிட்டரை வீங்கிய காலோடு யார் சுமந்து வருவது? 193 நோயாளிகளிடம் 1 லிட்டர் தண்ணீரில் 2 சதவீதம் கிளிசரின், அதாவது 20 மி.லி., சேர்த்துப் பார்த்தார்கள். தோலின் ஈரப்பசையையும் தோல் வழியே நீர் ஆவியாகும் அளவையும் கருவி வைத்து அளந்தார்கள். கிளிசரின் சேர்த்த 1 லிட்டர், பழைய 6 லிட்டரைவிடத் தோலை நன்றாக வைத்தது. சொற்ப விலையில் ஐந்து லிட்டர் சுமை இறங்கியது.

நிறுவனங்கள் பெயர் வேண்டுமென்றால்: பிரைட்டன் அண்ட் சசெக்ஸ் மருத்துவப் பள்ளியில் 2017இல் தொடங்கிய உலகச் சுகாதார ஆய்வுப் பிரிவு, பிரிட்டன் அரசின் ஆராய்ச்சி நிதியில் நடப்பது. போடோகோனியோசிஸ், மைசிட்டோமா (பெரும்பாலும் பாதத்தைச் சிதைக்கும் ஒரு தொற்று), சொறிசிரங்கு என்று மூன்று நோய். எத்தியோப்பியாவில் அடிஸ் அபாபா பல்கலைக்கழகத்தின் சி.டி.டி.-ஆஃப்ரிக்கா மையம் கூட்டாளி. சூடானில் கார்ட்டூம் பல்கலைக்கழகத்தின் மைசிட்டோமா ஆய்வு மையம், 1991இல் தொடங்கியது. 2023இல் வெடித்த போரில் அந்த மையமும் பல பத்தாண்டுகளாகச் சேர்த்த மாதிரிகளும் அழிந்தன. இதை வெறும் தகவலாகக் கடந்து போக முடியவில்லை.

எத்தியோப்பியாவில் ஆவி (Awi) என்ற நிர்வாக மண்டலத்தில் அடுத்த கட்டமும் நடந்தது. போடோகோனியோசிஸ், ஃபைலேரியா, தொழுநோய் மூன்றிலும் வரும் கால் வீக்கத்துக்கும் புண்ணுக்கும் பராமரிப்பு ஒன்றுதான், ஆகவே மூன்றையும் ஒரே தொகுப்பாக அரசு சுகாதார நிலையத்திலேயே கொடுப்பது. மனச்சோர்வுக்கான உதவியும் அதே தொகுப்பில்.

---

தாமரைக்குளம்

எல்லாருக்கும் நன்றி, பாடக்குறிப்பில் பாதி இங்கேயே எழுதியாகிவிட்டது. இரண்டு துணைக் கேள்வி. ப்ளீச் எவ்வளவு? "ஒரு மூடி" என்று எழுதலாமா? காலணி எந்த மாதிரி?

---

கட்டுத்துணி

மூடிக் கணக்கு வேண்டவே வேண்டாம். பாட்டிலுக்குப் பாட்டில் மூடியும் வேறு, ப்ளீச்சின் வீரியமும் வேறு. லேபிளில் சோடியம் ஹைப்போகுளோரைட் எத்தனை சதவீதம் என்று பார்த்துக் கணக்கிடச் சொல்லிக்கொடுங்கள். தோல் மருத்துவத்தில் ப்ளீச் குளியலுக்குப் பொதுவாகச் சொல்லும் வீரியம் 0.005 சதவீதம். பாட்டிலில் 5 சதவீதம் என்றால் லிட்டருக்கு 1 மி.லி., 5 லிட்டர் வாளிக்கு 5 மி.லி. ஊசி இல்லாத சிரிஞ்சால் அளக்கலாம். அதிகம் ஊற்றினால் கிருமி நன்றாகச் சாகும் என்று நினைத்து ஊற்றுவார்கள், தோல் வறண்டு வெடித்துப் புது வாசல் திறந்துவிடும். வெயிலில் வைத்த பழைய பாட்டிலில் வீரியம் குறைந்திருக்கும். ப்ளீச் தண்ணீரோடு வேறு எந்தக் கிருமிநாசினியையும் கலக்கக் கூடாது.

காலணி: பாதம் முழுவதும் மூடியதாக, காலுறையோடு. வார் வைத்த செருப்பால் பயனில்லை, மண் உள்ளே வரும். மூடிய பிளாஸ்டிக் காலணியைக் காலுறை இல்லாமல் போட்டால் வியர்வையில் தோல் ஊறிப்போகும். வீங்கிய காலுக்குக் கடையில் அளவு கிடைக்காது, உள்ளூர்த் தோல் தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் செய்விக்கிறார்கள். அளவை முதல் நாளே எடுத்துவிடாதீர்கள். சில வாரம் கழுவிக் கட்டி வீக்கம் வடிந்தபின், கட்டும் காலுறையும் போட்ட நிலையில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் காலணி தொளதொளவென்று ஆகிக் குதிகாலை உரசிப் புண்ணாக்கும்.

இன்னொன்று. காலணி கொடுத்ததும் அதைச் சந்தைக்கும் தேவாலயத்துக்கும் பத்திரப்படுத்திவிட்டு வயலுக்கு வெறுங்காலோடு போவார்கள். சேற்றில் ஒரு நல்ல ஜோடியை யார்தான் நாசமாக்குவார்கள்? அதனால் "காலணி இருக்கிறதா" என்ற கேள்வியைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டு, "நேற்று வயலில் காலில் என்ன இருந்தது" என்று கேட்கச் சொல்லுங்கள். வீட்டுத் தரை மண்ணா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், வீட்டுக்குள் காலணியோடு யாரும் நடப்பதில்லை.